கல்லடிப் பாலத்தில் ஏழு மெழுகுதிரிகள்

நான் ஆசைப்பட்டது எரிமலைக்கு. கையில் வந்தது மெழுகுதிரி.

சுனாமி வந்து அடுத்த வருஷம் அது. நான் பத்தாம் வகுப்பில் இருந்தேன். பாடசாலைக் கண்காட்சிக்கான தலைப்புகளை எங்கள் விஞ்ஞான டீச்சர் துண்டுக் கடதாசிகளில் எழுதி, ஒரு பிஸ்கற் டின்னுக்குள் போட்டுக் குலுக்கி, இருவர் இருவராக வந்து எடுக்கச் சொன்னார். எங்களுக்கு முன்னால் போனவர்களுக்கு எரிமலை விழுந்தது. சிவப்புச் சாயமும் அப்பச்சோடாவும் வினாகிரியும் சேர்ந்து பொங்கி வழியும் எரிமலை. எங்கள் முறை வந்தபோது என் கூட்டாளி முழங்கை வரை உள்ளே விட்டுத் துழாவி, டின்னின் அடியிலிருந்து ஒரு துண்டை இழுத்தாள். "வீட்டில் மெழுகுதிரி செய்தல்" என்று இருந்தது.

இதை எடுக்கவா இவ்வளவு நேரம் கிண்டினாய் என்று கேட்டேன். மேலே கிடப்பதை எல்லாரும் எடுப்பார்கள், நல்லது அடியில்தான் இருக்கும் என்றாள். வகுப்பு முழுதும் சிரித்தது. மெழுகுதிரி என்பது கடையில் வாங்குகிற சாமான். அதை வீட்டில் செய்து காட்டுவதில் என்ன விஞ்ஞானம் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. டீச்சரிடம் மாற்றித் தரக் கேட்டேன். அவர் டின்னை மூடிவிட்டார்.

இந்தக் கூட்டாளி எங்கள் வீட்டு முன்னறையில் குடியிருந்தவள். டச்பார்க் கடற்கரைப் பக்கத்துப் பறங்கிப் பெண், போர்த்துக்கீசர் வழிவந்த வேதக்காரர்கள். அவளுடைய அப்பா தச்சு வேலை செய்பவர். கடல் வந்த அன்று அவர்களுடைய வீடும் பட்டறையும் போயின. அவளுடைய அம்மாவும் போனார். நாவற்குடாவில் எங்கள் வீடு வாவிப் பக்கம் இருந்தபடியால் தண்ணீர் முழங்காலளவுக்கு வளவுக்குள் வந்து, யாருடையதோ ஒரு பிளாஸ்ரிக் கதிரையை மாமரத்தடியில் வைத்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. என் அப்பா வேலைக்குக் கட்டார் நாட்டுக்குப் போயிருந்தார். நானும் அம்மாவும் மட்டும் இருந்த வீட்டில் முன்னறை சும்மா கிடந்தது. எங்கள் வீட்டுக் கதவுகளை எல்லாம் செய்தவர் அவளுடைய அப்பாதான் என்பதால் அம்மா தெரிந்தவர்கள் மூலம் சொல்லி அனுப்பி அவர்களைக் கூப்பிட்டார். இரண்டு கிழமைக்கு என்று வந்தார்கள். கண்காட்சி வந்தபோதும் இருந்தார்கள்.

முதல் மாதங்களில் அவளோடு எனக்குச் சரிவரவில்லை. என் மேசையில் பாதியை எடுத்துக்கொண்டாள். அம்மா அவளுக்கு மீன் தலையைக் கொடுத்தார், எனக்கு வாலைக் கொடுத்தார். நான் பகிடி சொன்னால் சிரிக்காமல், நான் முடித்த பிறகு அதையே இன்னொரு விதமாகச் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தாள். டீச்சர் எங்களை டின்னுக்குள் ஒன்றாகக் கைவிட அனுப்பியதும் ஒரே வீடு என்பதால்தான். நாங்களாகச் சேர்ந்து போகவில்லை.

மெழுகுக்கு எங்கே போவது என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவள் ஒரு சொப்பிங் பை நிறையக் கொண்டுவந்தாள். அவர்களுடைய வேதக்கோயிலில் எரிந்து முடிந்த மெழுகுதிரிகளின் அடிக்கட்டைகள். சுவாமியாரிடம் கேட்டபோது, சுரண்டி எடுக்கிற வேலை மிச்சம் என்று சந்தோஷமாகக் கொடுத்தாராம். அந்த வருஷம் கோயில்களில் மெழுகுதிரி எரியாத நேரம் இல்லை. ஒவ்வொரு வீட்டிலும், நினைத்துக் கொளுத்துவதற்குக் கடலோடு போன ஒருவர் இருந்தார்.

அம்மா பைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் போனார்.

"செத்த ஆக்களுக்குப் பத்தின திரி புள்ள இது. என்ட அடுப்படிக்க கொண்டு வராத."

வாசலில் பலகை இழைத்துக்கொண்டிருந்த அவளுடைய அப்பாதான் தலையை நிமிர்த்தாமல் சொன்னார்.

"செபம் மேல போயிற்று தங்கச்சி. கீழ மிஞ்சினது மெழுகுதான்."

அம்மாவுக்கு அது நியாயமாகப் பட்டது. ஆனாலும் அடுப்படிக்குள் விடவில்லை. முருங்கை மரத்தடியில் மூன்று கல் வைத்துத் தந்தார். ஒரு பழைய சட்டியும் தந்தார். அந்தச் சட்டியை இனி வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம் என்றும் சொன்னார்.

மெழுகை நேராக அடுப்பில் வைத்தால் தீப்பிடிக்கும் என்று டீச்சர் எச்சரித்திருந்தார். அதனால் சட்டியில் தண்ணீரைக் கொதிக்க விட்டு, அதற்குள் பால்மா டின்னை இறக்கி, டின்னுக்குள் கட்டைகளை உடைத்துப் போட்டோம். அவை மெல்ல மெல்ல இளகித் தெளிந்து, தேங்காயெண்ணெய் போலாகின. பழைய திரித் துண்டுகளும் எறும்புகளும் ஒரு தலைமயிர்க் கிளிப்பும் அடியில் தங்கின. அவ்வளவும் நன்றாகவே போயிற்று. அச்சுதான் பிரச்சினை. அவளுடைய அப்பாவிடம் மரத்தில் செய்து தரச் சொல்லிக் கேட்டோம். கண்காட்சி உங்களுக்கா எனக்கா என்று கேட்டுவிட்டு இழைக்கத் தொடங்கிவிட்டார்.

பப்பாசி இலைக் காம்பு என் யோசனை. பச்சையாக, நீளமாக, உள்ளே குழாய் போல வெறுமையாக இருக்கும். வளவு மூலையில் நின்ற மரத்திலிருந்து நல்ல தடித்த காம்பாக வெட்டினேன். அவள் பிடித்துக்கொள்ள நான் ஊற்றினேன். ஊற்ற ஊற்ற நிரம்பவில்லை. எவ்வளவு பெரிய மெழுகுதிரி வரப்போகிறது என்று நான் மகிழ்ந்துகொண்டிருக்கையில் அவள் தன் காலைப் பார்த்தாள். காம்புக்கு அடிப்பக்கம் ஒன்று இருப்பதை நாங்கள் இருவருமே நினைக்கவில்லை. மெழுகு முழுவதும் அவளுடைய செருப்பின் ஓரத்தில் வடிந்து, செருப்பை நிலத்தோடு பிடித்துக்கொண்டது. அவள் காலை மட்டும் உருவி எடுத்து வெறுங்காலோடு நின்றாள்.

"எழுதிக்க," என்றாள். "அவதானம் ஒண்டு: மெழுகு கீழ்நோக்கிப் பாயும்."

அன்றுதான் அவளுடைய பகிடிக்கு நான் முதன்முதலாகச் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

அடியைக் களிமண்ணால் அடைத்து, திரிக்கு ஒரு தையல் நூலை உள்ளே விட்டு மறுபடி ஊற்றினோம். இறுகிய பின் காம்பைக் கீறி உரித்தால், உண்மையாகவே ஒரு மெழுகுதிரி வந்தது. விரல் தடிமன், இலேசான பச்சை, காம்பின் நரம்புகள் எல்லாம் அதன் மேல் வரியாகப் பதிந்திருந்தன. ஆனால் நடுவில் நிற்க வேண்டிய நூல் ஒரு பக்கமாகச் சாய்ந்து, பாதியில் எலிவால் போல வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கொளுத்தினால் அந்தப் பக்கம் மட்டும் உருகி, திரி முறிந்து விழுந்தது. தையல் நூல் மெழுகை உறிஞ்சுவதற்கு முன்பே தான் எரிந்து போயிற்று. மண்ணெண்ணெய் அடுப்பின் திரியைப் போட்டுப் பார்த்தோம். அது எரிந்தது. எரிந்து, வாசல் சுவரில் ஒரு முழ நீளத்துக்குக் கரி பிடிக்க வைத்தது. அம்மா சுவரையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மெழுகுதிரி வேலை முடிந்ததும் சுண்ணாம்பு வேலை இருக்கிறது என்றார்.

பிறகு நிறம் ஏற்றலாம் என்று எனக்குத் தோன்றியது. சுனாமிக்குப் பிறகு எங்கள் பக்கத்துப் பிள்ளைகளிடம் சோறு இல்லாத நாள்கூட இருந்திருக்கும், பெஸ்டல் பெட்டி இல்லாத நாள் இல்லை. வருகிற நிறுவனம் எல்லாம் பெஸ்டல் கொடுத்து, மனதில் உள்ளதை வரையுங்கள் என்றது. எல்லாரும் கடலை வரைந்தார்கள். எந்தப் பெட்டியைத் திறந்தாலும் நீலம் மட்டும் இருக்காது. மிச்சமிருந்த சிவப்பையும் மஞ்சளையும் டின்னுக்குள் போட்டு உருக்கினோம். கோயில் திருவிழாவுக்கு வைக்கலாம் போல அழகான மெழுகுதிரிகள் வந்தன. ஒன்றும் எரியவில்லை. சுடர் நுனியில் வந்து, ஒரு முறை குனிந்து, அணைந்து போயிற்று. சாயத் துகள் திரியின் நுண்ணிய துளைகளை அடைத்துவிடுகிறது என்று டீச்சர் மறுநாள் விளக்கினார். அவற்றை அம்மா யன்னலோரத்தில் அழகுக்கு வைத்தார். எரியாத மெழுகுதிரிக்கு மட்டும் எங்கள் வீட்டுக்குள் இடம் கிடைத்தது.

திரியைச் சரி செய்தது அவள்தான். பூக்கட்டுகிற வெள்ளைப் பருத்தி நூலை மூன்று புரியாக எடுத்து, ஒரு நுனியைக் கால் பெருவிரலில் மாட்டி, மடமடவென்று பின்னிக்கொண்டு போனாள். பார்க்க ஒரு சிறிய தலைப்பின்னல் போல இருந்தது. இவ்வளவு கெதியாக எப்படி என்று கேட்டேன்.

"ஜனவரியில இருந்து என்ட தலைய நான்தானே பின்னுறன்," என்றாள்.

மற்ற நுனியை நான் பிடித்துக்கொண்டேன். அவள் பின்னி முடித்தாள். அந்தத் திரியை ஒரு ஈர்க்கில் கட்டிக் காம்பின் வாயில் நடுவாகத் தொங்கவிட்டு ஊற்றினோம். அந்த மெழுகுதிரி நேராக நின்றது. ஒழுங்காக எரிந்தது. பின்னிய நூல் எரியும்போது நுனி வளைந்து சுடருக்கு வெளியே போய்ச் சாம்பலாகிவிடுவதால் கரி சேரவில்லை. அதையும் எழுதிக்கொண்டோம்.

பாயும் நெருப்பைக் கண்டுபிடித்தது தற்செயலாக. அன்று பின்னேரம் மெழுகு வீணாகிறதென்று அம்மா வந்து எங்கள் மெழுகுதிரியை ஊதி அணைத்தார். அதிலிருந்து வெள்ளையாக ஒரு புகை எழுந்தது. நான் மறுபடி கொளுத்தலாமென்று நெருப்புக்குச்சியைக் கொண்டுபோனேன். குச்சி திரியைத் தொடவே இல்லை. ஒரு சாண் மேலே புகையில் பட்டதும், நெருப்பு புகை வழியே கீழே ஓடித் திரியில் உட்கார்ந்துகொண்டது. அம்மா சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு, இதற்குத்தான் அந்த மெழுகு வேண்டாம் என்று சொன்னேன் என்றார். உள்ளே போய் விபூதி பூசிக்கொண்டு வந்து, எங்கள் இருவர் நெற்றியிலும் பூசினார். வேதக்காரப் பிள்ளையென்று அவளை விட்டுவிடவில்லை.

அந்த வெள்ளைப் புகை வெறும் புகை இல்லை, எரியாமல் மிஞ்சிய மெழுகின் ஆவி என்று டீச்சர் சொன்னார். எரிவது திரி இல்லை, மெழுகுமில்லை, மெழுகின் ஆவிதான். எனக்கு எரிமலை மறந்து போனது அப்போதுதான்.

கண்காட்சிக்கு நல்ல மெழுகுதிரிகள் ஏழு தேறின. நான் அவற்றை ஒன்றாக அடுக்கி, இறப்பர் வளையம் போட்டு, பேப்பரில் சுற்றி, பைசிக்கிள் கூடைக்குள் வைத்தேன். விரல் தடிமனில் குச்சிகள் ஏழு, நுனியில் வெள்ளை நூல் நீட்டிக்கொண்டு. அது பார்ப்பவர்களுக்கு எப்படித் தோன்றும் என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

நாவற்குடாவிலிருந்து பட்டணத்துக்குள் இருக்கும் பாடசாலைக்குப் போவதற்குக் கல்லடிப் பாலத்தைக் கடக்க வேண்டும். பழைய இரும்புப் பாலம், ஒரு நேரத்தில் ஒரு பக்க வாகனம்தான் போகலாம். அந்த நாட்களில் போர்நிறுத்தம் பேருக்குத்தான், பிரச்சினை மறுபடி தொடங்கியிருந்தது. பாலத்தடி ஆமிக்காரர்கள் எல்லாரையும் இறக்கிச் சோதித்தார்கள். அன்று எங்களுக்கு முன்னால் மீன்பெட்டி கட்டிய பைசிக்கிள்கள், பின்னால் ஒரு பஸ். எங்கள் முறை வந்ததும் மீசை வைத்த ஒருவர் கூடையிலிருந்த பேப்பரைப் பிரித்தார். பிரித்த வேகத்தில் கையை எடுத்துவிட்டார்.

அவர் சத்தமாக ஏதோ சொன்னார். மண்மூட்டைக்குப் பின்னாலிருந்து இன்னும் இருவர் வந்தார்கள். பின்னால் நின்ற சனம் சொல்லாமலே பின்வாங்கியது. மீன்காரர்களுக்கு உடனே விளங்கிவிட்டது. திரி வைத்த வெடிக் குச்சி போட்டு மீன் பிடிப்பவர்களை அறியாதவர்களா அவர்கள். எனக்குத்தான் கடைசியாக விளங்கியது.

"மே மொகத?" என்று கேட்டார் மீசைக்காரர். இது என்ன என்கிறார் என்று எனக்குத் தெரியும். மெழுகுதிரி என்று சொன்னேன். அவருக்கு அது விளங்கவில்லை. அடுத்தது சொல்ல எனக்குச் சிங்களம் இல்லை. என் கூட்டாளி மெதுவாகச் சொன்னாள்.

"இட்டிபந்தம், மாத்தையா."

அவளுடைய அப்பா சிங்கள முதலாளிமாருக்குத் தளபாடம் செய்தவர் என்பதால் அவளுக்குக் கொஞ்சச் சொற்கள் தெரியும். மெழுகுதிரியா என்று அவர் சந்தேகமாகக் குச்சிகளைப் பார்த்தார். பச்சை நிறம், வரிவரியாக நரம்பு. அப்படி ஒரு மெழுகுதிரியை அவர் எங்கே கண்டிருப்பார். துவக்கின் வாயை நிலத்துக்குத் திருப்பிக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார்.

"பத்து கறண்ட."

எனக்கு உயிர் திரும்பி வந்தது. பத்து மெழுகுதிரி கேட்கிறார், கொடுத்துவிட்டால் போகலாம்.

"பத்து இல்ல சேர். ஏழுதான் இரிக்கு," என்று ஏழையும் இரண்டு கையிலும் ஏந்தி நீட்டினேன்.

அவர் துள்ளி விலகினார். என் கூட்டாளி என் காலை மிதித்தாள்.

"பத்த வெக்கச் சொல்லுறார்கா. எண்ணச் சொல்லல்ல."

பற்றவைக்கச் சொல்லிவிட்டு மூன்று பேரும் மண்மூட்டைக்குப் பின்னால் போய்விட்டார்கள். பாலத்தடியில் நானும் அவளும் மட்டும் நின்றோம். வாவியிலிருந்து சோளகக் காற்று வீசிக்கொண்டிருந்தது. நான் குச்சியைக் கிழித்தேன், அணைந்தது. இன்னொன்றைக் கிழித்தேன், அதுவும் அணைந்தது. அவள் தன் பாவாடையை விரித்துக் காற்றை மறித்தாள், சரிவரவில்லை. பெட்டியில் குச்சி குறைந்துகொண்டே வர, மண்மூட்டைக்குப் பின்னாலிருந்த இளவயது ஆமிக்காரன் பொறுக்க முடியாமல் எழுந்து வந்தான். எங்களுடைய வயதுக்கு இரண்டு மூன்று கூட இருக்கலாம். தலையிலிருந்த இரும்புத் தொப்பியைக் கழற்றி, கவிழ்த்த பக்கமாகக் காற்றுக்கு மறைவாகப் பிடித்தான். அதற்குள் மெழுகுதிரி பற்றிக்கொண்டது.

ஒன்றும் வெடிக்கவில்லை. சிறிய மஞ்சள் சுடர், தொப்பிக்குள் நின்று எரிந்தது. மீசைக்காரரும் வந்து எட்டிப் பார்த்தார்.

கண்காட்சிக்கு வேண்டிய மெழுகுதிரி வீணாகிறதே என்று அவள் குனிந்து ஊதி அணைத்தாள். புகை எழுந்தது. என் கை தன்பாட்டில் தொப்பிக்குள் இன்னொரு குச்சியைக் கிழித்தது. பழக்கத்தில் அதைப் புகைக்குக் கொண்டுபோனேன். நெருப்பு கீழே பாய்ந்தது.

இளையவன் தொப்பியைக் கீழே போடப் பார்த்தான். பிறகு, "ஆயெத்," என்றான். மறுபடியும் என்று அர்த்தம். மறுபடி செய்து காட்டினோம். மீசைக்காரரும் ஆயெத் என்றார். எங்கள் குச்சிகள் முடிந்ததும் இளையவன் தன் லைற்றரை எடுத்துத் தந்தான். பின்வாங்கிய சனம் ஒவ்வொருவராகக் கிட்ட வந்தது. மீன்காரர் ஒருவர் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, இது புகையா காஸா என்று கேட்டார். ஆவி என்றேன். ஆவியென்றதும் அவர் மறுபடி பின்வாங்கினார். பஸ்காரன் ஹோர்ன் அடித்த பிறகுதான் மீசைக்காரருக்குத் தன் வேலை ஞாபகம் வந்தது. முகத்தை இறுக்கிக்கொண்டு, போங்கள் போங்கள் என்று கையை வீசினார். இளையவன் ஒரு விரலை நீட்டி ஒன்று தரச்சொல்லிக் கேட்டான். அவள் நல்லதாகப் பார்த்து ஒன்று கொடுத்தாள்.

பாலத்தின் மறுகரைத் தொங்கலுக்குப் போனதும் அவள் பைசிக்கிளிலிருந்து இறங்கி ஓரமாகக் குந்திக்கொண்டாள். நானும் பக்கத்தில் குந்தினேன். பிறகு அவள் என்னைப் பார்த்து, "பத்து இல்ல சேர்," என்று என் குரலிலேயே சொன்னாள். பாடசாலை வாசல் வரை சிரித்துக்கொண்டே போனோம்.

மண்டபத்துக்குள் போனதும் அவளுடைய சிரிப்பு நின்றுவிட்டது.

டீச்சருடைய டின்னில் சுனாமி என்ற தலைப்பு இருக்கவில்லை. ஆனால் மற்ற வகுப்புகளில் எல்லாரும் அதையே செய்திருந்தார்கள். எங்கே பார்த்தாலும் சுனாமி. பேசின்களில் நீலம் கரைத்த தண்ணீர், ஓரத்தில் மணல், அதில் கடதாசி வீடுகளும் தென்னைமரங்களும். யாராவது பார்க்க வந்தால் ஒரு பிள்ளை பலகையைத் தள்ள, தண்ணீர் எழும்பி வந்து வீடுகளை அள்ளிக்கொண்டு போகும். அடுத்தவர் வருமுன் வீடுகளைப் பொறுக்கி மறுபடி அடுக்குவார்கள். நன்றாகத்தான் செய்திருந்தார்கள். எங்களுடைய மேசை இரண்டு பேசின்களுக்கு நடுவில் இருந்தது.

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு முறை பலகை தள்ளப்படும்போதும் அவளுடைய தோள் அசைந்தது.

"நான் இஞ்ச நிக்கமாட்டன்," என்றாள். "நீ செய். நான் வெளியில நிக்கிறன்."

நான் போய் டீச்சரிடம் வேறு இடம் கேட்டேன். மேசைகளுக்கு இலக்கம் போட்டாகிவிட்டது, நடுவர்கள் அந்த ஒழுங்கில்தான் வருவார்கள், ஒன்றும் செய்ய முடியாது என்றார் அவர். நான் திரும்பி வந்து மேசையின் ஒரு பக்கத்தைத் தூக்கினேன். மறு பக்கத்தைத் தூக்கச் சொல்லி அவளைப் பார்த்தேன். எங்கே என்று கேட்டாள். எனக்கும் தெரியாது, தூக்கு என்றேன். வெளியே மரத்தடியில் காற்று. வகுப்புகளில் எல்லாம் கண்காட்சி. கடைசியில் விளையாட்டுச் சாமான்கள் வைக்கும் அறைதான் திறந்திருந்தது. யன்னல் இல்லாத இருட்டறை. பழைய பாய்களும் காற்றுப்போன பந்துகளும் வியர்வை மணமும். மேசையை அதற்குள் இறக்கிவிட்டு, இங்கே யார் வரப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

அந்த இருட்டுத்தான் எங்களைக் காப்பாற்றியது. மண்டபத்து வெளிச்சத்தில் எங்களுடைய சின்னச் சுடரை யார் கவனித்திருப்பார்கள்? இருட்டில் அதை ஊதி அணைத்ததும் அறையே காணாமல் போய்விடும். எல்லாரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொள்வார்கள். பிறகு குச்சி எரியும், நெருப்பு அந்தரத்தில் ஓடித் திரியில் ஏறும். முதலில் தண்ணீர் குடிக்கப் போன ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் நான்கு பேர் வந்தார்கள். அவர்கள் போய்ச் சொன்னது, பேய் வீட்டில் நெருப்பு பறக்கிறது என்று. சற்று நேரத்தில் அறைக்கு வெளியே வரிசை. உள்ளே ஒரே கூச்சல். அவள் வரிசையை ஒழுங்கு செய்தாள், விளக்கம் சொன்னாள், பயந்தவர்களைப் பகிடி பண்ணினாள். எங்களைத் தேடி வந்த டீச்சர் வாசலில் நின்று வரிசையைப் பார்த்தார். திரும்பிப் போனார். பிறகு எங்களுடைய மேசை இலக்க மட்டையைக் கொண்டுவந்து கதவில் ஒட்டினார்.

நடுவராக வந்த கல்வி அதிகாரி பாய் அடுக்கின் மேல் உட்கார்ந்து பார்த்தார். இது விஞ்ஞானமா, கண்கட்டு வித்தையா என்று கேட்டார். அவள் எல்லாம் சொன்னாள். ஆவி, திரி, பின்னல், பப்பாசிக் காம்பு, எரியாத பெஸ்டல் என்று ஒன்றும் விடவில்லை. செருப்பு நிலத்தில் ஒட்டியதைக்கூடச் சொன்னாள். அவர் தலையாட்டிவிட்டு, மெழுகு எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார்.

"வாங்கல்ல சேர். கோயில்ல செத்த ஆக்களுக்குப் பத்த வெச்ச மிச்சம்," என்றாள். பிறகு, "அதில என்ட அம்மாக்குப் பத்தினதும் இரிக்கு," என்றாள்.

அதை அவள் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது. அதிகாரி தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். குறிப்பு எழுதுவதற்கு வைத்திருந்த பேனாவை மூடினார்.

"இன்னொருக்காச் செய்து காட்டுங்க மகள்," என்றார்.

அவள் ஊதினாள். குச்சியை என்னிடம் தராமல் தானே கிழித்தாள்.

முதற்பரிசு எரிமலைக்குத்தான் போனது. பிரதம விருந்தினரின் வெள்ளைச் சேட்டில் பொங்கியும் அதற்குக் கொடுத்தார்கள். எங்களுக்கு இரண்டாம் பரிசு. அதிபர் பெயர்களை வாசித்தபோது, இரண்டாம் இடம் என்றவுடன் விளையாட்டறை வரிசையில் நின்ற சின்னப் பிள்ளைகள் எல்லாம் ஊளையிட்டார்கள். நான் எரிமலைக்காரியைப் பார்த்தேன். அவள் இன்னும் சேட்டுக்காரரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த வருஷம் அவர்களுக்குத் திராய்மடுவில் சுனாமி வீடு கிடைத்தது. கடலிலிருந்து தள்ளி, வரிசையாகக் கட்டிய புது வீடுகள். அதற்குள் வாவியின் மேற்குக் கரையில் சண்டை மூண்டு, சனம் மூட்டை முடிச்சோடு எங்கள் பக்கம் வரத் தொடங்கியிருந்தது. ஷெல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்த ஒரு காலையில்தான் அவர்கள் வீடு மாறினார்கள். லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் சாமானை விட அவளுடைய அப்பாவின் பலகைகள்தான் கூட இருந்தன. பால் காய்ச்சுவதற்கென்று அம்மாவும் வந்தார். வேதக்கார வீட்டில் அந்த வழக்கம் உண்டா என்று நான் கேட்டேன். புது வீட்டில் பால் பொங்கினால் எந்தச் சாமி வேண்டாம் என்று சொல்லும் என்றார்.

சீமெந்து மணக்கும் குசினியில் அம்மா கல்லை அடுக்கி, நெருப்பை மூட்டி, புதுப் பானையில் பாலை ஊற்றினார். ஊற்றிவிட்டு நிமிர்ந்து, பானையைத் தூக்கி வைக்காமல் நின்றார்.

"இத வீட்டுக்காரப் பொம்புளதான் வெக்கோணும்," என்றார். "இஞ்ச வீட்டுக்காரி ஆரு?"

கேட்ட பிறகுதான் அம்மாவுக்கே அது உறைத்தது. அவளுடைய அப்பா யன்னல் சட்டத்தைத் தடவிப் பார்க்கிறது போல மற்றப் பக்கம் திரும்பினார்.

"நான்தான்," என்றாள் அவள்.

அம்மா அவளை மேலிருந்து கீழ் பார்த்தார். பள்ளிக்கூடச் சப்பாத்தோடு நின்றாள்.

"அப்ப சப்பாத்தக் கழத்திப்போட்டு வா," என்றார்.

அவள் கழற்றிவிட்டு வந்து இரண்டு கையாலும் பானையைத் தூக்கி அடுப்பில் வைத்தாள். பால் பொங்கும் வரைக்கும் அசையாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பொங்கி வழிந்து நெருப்பைப் பாதி அணைத்தது. எல்லாருக்கும் அவளே ஊற்றிக் கொடுத்தாள். சீனி கூடிப் போயிருந்தது. அவளுடைய அப்பா அதைக் குடித்து முடித்துவிட்டு, கிளாசை நீட்டி இன்னும் கொஞ்சம் கேட்டார்.